புது மோட்டார்ஹோமில் பழுதா? வாரண்டி வேலையை முடித்து வாங்குவது எப்படி

அமெரிக்காவில் புது மோட்டார்ஹோம் வாங்குகிறவர்கள் பலரும் அதைப் பெரிய கார் என்று நினைத்துக்கொண்டு சாவியை வாங்குகிறார்கள். கார் என்பது ஒரே கம்பெனி செய்து, ஒரே கம்பெனி பொறுப்பேற்கும் பொருள். மோட்டார்ஹோம் அப்படியில்லை. ஒருவர் செய்த சேசிஸின் (எஞ்சினும் சக்கரமும் பொருத்திய அடிச்சட்டம்) மேல் இன்னொருவர் கையால் கட்டிய வீடு அது. அந்த வீட்டுக்குள் இருக்கும் அடுப்பும் ஃபிரிட்ஜும் ஏசியும் வேறு வேறு கம்பெனிகளுடையவை. எல்லாமே நெடுஞ்சாலையில் குலுங்கிக்கொண்டு போகின்றன. முதல் சில மாதங்களில் ஒரு டஜன் சின்னக் குறைகள் தலைகாட்டுவது சகஜம்தான், அதற்காகப் பதற வேண்டாம். ஆனால் ஒவ்வொரு குறையையும் அதற்குரிய வாசலில், எழுத்தில், தேதிக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது உங்கள் வேலை. அதை டீலர் உங்களுக்காகச் செய்வார் என்று இருந்துவிடக் கூடாது.

படி 1: உங்களிடம் எத்தனை வாரண்டி இருக்கிறது என்று எண்ணுங்கள்

முதலாவது சேசிஸ். எஞ்சின், கியர், பிரேக், ஸ்டியரிங் எல்லாம் இதில் வரும். ஃபோர்டு சேசிஸ் என்றால் பொதுவாக 3 வருடம் அல்லது 36,000 மைல், எஞ்சின்-கியர் பகுதிக்கு 5 வருடம் அல்லது 60,000 மைல். இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுவரைதான்.

இரண்டாவது வீட்டுப் பகுதி. சுவர், கூரை, குழாய், ஒயரிங், அலமாரி எல்லாம் வீட்டைக் கட்டிய கோச் கம்பெனியின் பொறுப்பு. இது பல கம்பெனிகளில் 1 வருடம் அல்லது 15,000 மைலோடு முடிந்துவிடும். சுவர், தரை போன்ற கட்டமைப்புக்கு மட்டும் கூடுதல் காலம் தருவார்கள். கதவு சரியாகப் பொருந்தாதது, தாழ்ப்பாள் இறுக்கம் போன்ற 'அட்ஜஸ்ட்மென்ட்' வேலைகளுக்குச் சிலர் 90 நாள்தான் தருகிறார்கள். அந்த வரியைத் தேடிப் படியுங்கள். வாடகைக்கு விட்டாலோ வருடம் முழுக்க அதிலேயே குடியிருந்தாலோ வாரண்டி கிடையாது என்ற வரியும் பெரும்பாலும் அதே பக்கத்தில்தான் இருக்கும்.

மூன்றாவது வகை, சாதனங்கள். ஓனான் ஜெனரேட்டர், டொமெட்டிக் ஃபிரிட்ஜ், சபர்பன் வாட்டர் ஹீட்டர், டயர், பேட்டரி என ஒவ்வொன்றுக்கும் தனி அட்டை, தனிக் காலம். கோச் வாரண்டி முடிந்த பிறகும் இவற்றில் சில உயிரோடு இருக்கும். டீலர் விற்கும் 'எக்ஸ்டெண்டட் வாரண்டி' இந்தக் கணக்கில் சேராது. அது காசு கொடுத்து வாங்கும் சர்வீஸ் ஒப்பந்தம், அதன் விதிகளே வேறு.

படி 2: சாவி வாங்குமுன் ஒரு முழு நாள் ஒதுக்குங்கள்

டீலரிடம் ஒரு மணி நேரச் சுற்றிக்காட்டலோடு கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். பணம் கைமாறும் வரைதான் டீலருக்கு அவசரம். பிறகு நீங்கள் சர்வீஸ் வரிசையில் இன்னொரு எண்.

தண்ணீர், புரொப்பேன் இரண்டையும் நிரப்பி, 30 ஆம்ப் அல்லது 50 ஆம்ப் மின்சாரம் இணைத்துத் தரச் சொல்லுங்கள். 30 ஆம்ப் வண்டியில் ஒரே நேரத்தில் 3,600 வாட்தான் இழுக்க முடியும். ஏசியும் மைக்ரோவேவும் சேர்ந்து பிரேக்கரைத் தட்டினால் அது பழுதல்ல. 50 ஆம்ப் இணைப்பு 12,000 வாட் வரை தாங்கும். இது தெரியாமல் பழுது என்று எழுதிக் கொடுத்தால், அடுத்த உண்மையான புகாருக்கும் மதிப்புக் குறையும்.

குழாய்க் கசிவைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. வெளிக் குழாய் இணைப்பைக் கழற்றிவிட்டு, வண்டியின் தண்ணீர்ப் பம்பை ஓட விடுங்கள். உள்ளே எல்லாக் குழாய்களையும் மூடுங்கள். அழுத்தம் ஏறியதும் பம்ப் நின்றுவிடும். அப்படியே அரை மணி நேரம் அமைதியாக உட்காருங்கள். யாரும் தண்ணீர் திறக்காமலே பம்ப் ஒரு நொடி 'டர்ர்' என்று ஓடி நின்றால் எங்கோ ஒழுகுகிறது. சிங்க்குக்கு அடியில், டாய்லெட்டுக்குப் பின்னால், வாட்டர் ஹீட்டர் இணைப்பில் காகிதத் துண்டை வைத்துத் துடைத்துப் பாருங்கள். பெரும்பாலும் பிளாஸ்டிக் நட்டு ஒன்று கையிறுக்கம்கூட இல்லாமல் விடப்பட்டிருக்கும். பம்ப் சத்தம் போடுகிறதே தவிர தண்ணீர் மெலிதாக வந்தால், பம்புக்கு முன்னால் இருக்கும் வடிகட்டியைத் திறந்து பாருங்கள். தொழிற்சாலையில் டேங்கைத் துளைத்தபோது விழுந்த பிளாஸ்டிக் சுருள்கள் அங்கே அடைத்திருக்கும்.

வெந்நீர் வரவில்லையா? தண்ணீரை ஹீட்டருக்குள் விடாமல் திருப்பிவிடும் பைபாஸ் வால்வு குளிர்கால நிலையிலேயே விடப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஹீட்டரில் தண்ணீர் நிறைந்திருக்கிறதா என்று உறுதி செய்யாமல் அதன் மின்சார சுவிட்சைப் போடவே கூடாது. காலி டேங்கில் எலிமென்ட் சில நிமிடங்களில் கருகிவிடும். அது உங்கள் தவறாகக் கணக்கிடப்படும், வாரண்டியில் வராது.

ஏசியை 20 நிமிடம் ஓட விட்டு, உள்ளே இழுக்கும் காற்றின் வெப்பத்தையும் வெளியே வரும் காற்றின் வெப்பத்தையும் அளந்து பாருங்கள். இடைவெளி 16 முதல் 22 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருந்தால் ஏசி தன் வேலையைச் செய்கிறது. வெளியே 105 டிகிரி கொளுத்தும்போது உள்ளே 80-க்கு இறங்கவில்லை என்பதற்கு யாரும் ஏசியை மாற்றித் தர மாட்டார்கள்.

கண்டுபிடித்த குறைகளை டீலர் கையெழுத்தோடு 'டியூ பில்' (டீலர் இன்னும் செய்து தர வேண்டியவற்றின் பட்டியல்) காகிதத்தில் எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தையாகச் சொன்ன 'பார்த்துக்கொள்கிறோம்' சர்வீஸ் பிரிவு வரை போய்ச் சேராது. முடிந்தால் முதல் இரவு டீலர் வளாகத்திலேயே, அல்லது பக்கத்துக் கேம்ப்கிரவுண்டில் தங்குங்கள். எல்லோரும் குளித்து, சமைத்து, ஃபர்னஸைப் போட்டுத் தூங்கினால்தான் வெளிவரும் குறைகள் நிறைய உண்டு.

படி 3: எண்களைப் படம் எடுத்துவையுங்கள்

ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் 17 இலக்க வின் எண் (வண்டியின் அடையாள எண்) இருக்கும். கோச் கம்பெனியின் வரிசை எண் அதற்குத் தனி. ஃபிரிட்ஜ், ஃபர்னஸ், ஹீட்டர், ஏசி, ஜெனரேட்டர், ஸ்லைடு (வெளியே தள்ளி அறையை அகலமாக்கும் பகுதி) கன்ட்ரோலர் ஒவ்வொன்றின் மாடல் எண், சீரியல் எண் பொறித்த தகட்டைப் படம் எடுங்கள். சில தகடுகள் வெளிப்பலகையைக் கழற்றினால்தான் தெரியும். மழையில், மலையடிவாரத்தில் ஃபர்னஸ் நின்றுபோன இரவில் அந்தப் பலகையைக் கழற்றிக்கொண்டிருக்க முடியாது.

பிறகு ஒவ்வொரு சாதனத்தையும் அதன் கம்பெனியில் பதிவு செய்யுங்கள். ஃபோர்டு, மெர்சிடிஸ் என உங்கள் சேசிஸைச் செய்த கம்பெனியின் சர்வீஸ் மையம் ஒன்றை அழைத்து, உங்கள் சேசிஸின் வாரண்டி தொடங்கிய தேதி கணினியில் என்னவென்று கேளுங்கள். சேசிஸ் உங்கள் வண்டியாவதற்குப் பல மாதம் முன்பே கோச் கம்பெனிக்கு விற்கப்பட்டிருக்கும். 2025 மாடல் வீட்டுக்குக் கீழே 2024 சேசிஸ் இருப்பது சாதாரணம். நீங்கள் டெலிவரி எடுத்த தேதியை டீலர் பதிவு செய்யாமல் விட்டால் வாரண்டிக் காலம் தவறாகக் கணக்காகும். விற்பனை ரசீதை அனுப்பினால் திருத்திக்கொள்ளலாம்.

படி 4: புகாரை எழுதும் விதம்

'ஸ்லைடு சரியில்லை' என்று எழுதினால் டெக்னீஷியன் ஒருமுறை உள்ளே வெளியே ஓட்டிப் பார்ப்பார். வேலை செய்யும். 'குறை காணப்படவில்லை' என்று எழுதித் திருப்பிக் கொடுப்பார். அதையே இப்படி எழுதுங்கள்:

'சோபா இருக்கும் ஸ்லைடு. வெளியே போகும்போது பின்பக்கம் முன்பக்கத்தைவிட 1 அங்குலம் பிந்துகிறது. பேட்டரி 12.7 வோல்ட். வண்டி சமதளத்தில் இருந்தது. கடந்த 10 தடவையில் 4 தடவை நடந்தது. ஓடோமீட்டர் 1,840 மைல். வீடியோ இணைப்பில்.'

வோல்ட்டை ஏன் குறிப்பிட வேண்டும்? பேட்டரி 12 வோல்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் ஸ்லைடு மோட்டார்கள் திணறும், டெக்னீஷியன் முதலில் சந்தேகிப்பதும் அதைத்தான். அந்தக் கேள்விக்கு முன்னாலேயே பதில் சொல்லிவிடுகிறீர்கள். சுவருக்குள் இரண்டு மோட்டார்கள் வைத்த ஷ்விண்டெக் வகை ஸ்லைடு என்றால், முழுவதும் வெளியே தள்ளி, இரண்டு மோட்டார்களும் தாமே நிற்கும் வரை பொத்தானை விடாமல் அழுத்துங்கள். ஓரிரு அங்குலம் உள்ளே இழுத்து, மறுபடி அதே மாதிரி தள்ளுங்கள். பல நேரம் இரு பக்கமும் ஒன்றுசேர்ந்துவிடும். பாதியில் பொத்தானை விடும் பழக்கம்தான் இந்தக் கோளாறை வளர்க்கிறது. இதைச் செய்தும் பிந்தினால், அதையும் புகாரில் சேருங்கள்.

ஒரு குறைக்கு ஒரு எண், ஒரு பத்தி, ஒரு படம். கசிவு, வாயு நாற்றம், மின் அதிர்ச்சி, பிரேக் இவை பட்டியலின் தலையில் வரட்டும். வாயு நாற்றம் என்றால் புரொப்பேன் டேங்க் வால்வை மூடி, சுவிட்ச் எதையும் தொடாமல், எல்லோரும் வெளியே வந்த பிறகுதான் மற்றதெல்லாம்.

படி 5: சரியான வாசலைத் தட்டுங்கள்

எஞ்சின் விளக்கு எரிந்தால் மோட்டார்ஹோம் டீலரிடம் போய்ப் பயனில்லை. சேசிஸ் கம்பெனியின் டீலரிடம்தான் போக வேண்டும். எல்லா ஃபோர்டு டீலரும் 11, 12 அடி உயர வண்டியை உள்ளே விட முடியாது. வணிக லாரிகளைப் பழுதுபார்க்கும் மையமா, கதவு உயரம் என்ன, உங்கள் வண்டியின் எடையைத் தாங்கும் லிஃப்ட் இருக்கிறதா என்று தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள்.

வீட்டுப் பகுதிக் குறைகளுக்கு விற்ற டீலர்தான் முதல் வாசல். வேறு டீலர்கள் 'நாங்கள் விற்ற வண்டிக்குத்தான்' என்று கைவிரிப்பது ஏன் தெரியுமா? ஒவ்வொரு வாரண்டி வேலைக்கும் இத்தனை மணி நேரம் என்று கம்பெனி முன்கூட்டியே நிர்ணயித்து, அதற்குத்தான் பணம் தரும். குறையைத் தேடிய நேரத்துக்குப் பெரும்பாலும் கூலி கிடைக்காது. நேரடியாகக் காசு கொடுக்கும் வாடிக்கையாளர் வரிசையில் நிற்கும்போது உங்கள் வண்டி மூலைக்குப் போவது அதனால்தான். கோடைக்கு முன்னால் நெரிசல் அதிகம், இலையுதிர் காலத்தில் முன்பதிவு செய்யுங்கள்.

வண்டியை விட்டுவிட்டுக் காத்திருப்பதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. முதலில் ஒரு நாள் மட்டும் கொண்டுபோய்க் குறையைக் கண்டறியச் சொல்லுங்கள். அவர்கள் படம் எடுத்துக் கம்பெனியிடம் அனுமதி வாங்கி, பாகத்துக்கு ஆர்டர் போடட்டும். நீங்கள் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிடுங்கள், பாகம் வந்த பிறகு கொண்டுபோகலாம். இல்லையென்றால் ஒரு சின்ன ஃபேன் மோட்டாருக்காக வண்டி ஆறு வாரம் அவர்கள் இடத்தில் வெயில் காயும், வாரண்டி நாட்களும் கரையும்.

டீலர் தொலைவில் இருந்தால் வீட்டுக்கே வரும் மொபைல் டெக்னீஷியனைக் கேட்கலாம். ஆனால் வேலை தொடங்குமுன் கோச் கம்பெனியை அழைத்து, அனுமதி எண்ணை மின்னஞ்சலில் வாங்கிவிடுங்கள். முதலில் செய்துவிட்டுப் பிறகு பில் அனுப்பினால் பணம் திரும்பி வருவது கஷ்டம். கட்டமைப்புக் குறை என்றால் தொழிற்சாலை சர்வீஸ் மையத்துக்கே போவது பல நேரம் சிறந்தது. வின்னபேகோவுக்கு அயோவாவின் ஃபாரஸ்ட் சிட்டி, டிஃபினுக்கு அலபாமாவின் ரெட் பே, நியூமாருக்கு இண்டியானாவின் நப்பானி.

படி 6: வண்டியை எடுக்கும்போது

ஒர்க் ஆர்டரில் புகார், காரணம், செய்த வேலை மூன்றும் ஒவ்வொரு குறைக்கும் தனித்தனியாக இருக்க வேண்டும். வண்டி உள்ளே போன தேதி, வெளியே வந்த தேதி, மைல் கணக்கு கட்டாயம். பாகம் வரவில்லை என்றால் 'ஆர்டரில் உள்ளது' என்று எழுதி வாங்குங்கள். வாரண்டி முடியுமுன் எழுத்தில் பதிந்த குறையை, முடிந்த பிறகும் சரிசெய்து தரக் கேட்க உங்களுக்கு வலுவான ஆதாரம் அதுதான். அங்கேயே நின்று சோதித்துப் பார்க்காமல் கிளம்பாதீர்கள்.

வாரண்டியைத் தாமே கெடுத்துக்கொள்கிறவர்கள்

கூரை சீலன்ட்தான் (இடுக்குகளில் தண்ணீர் புகாமல் அடைக்கும் பசை) பெரிய பொறி. ஏசி, கூரை ஃபேன், ஆன்டெனாவைச் சுற்றிப் பூசிய சீலன்டை 90 நாளுக்கு ஒருமுறை, அல்லது கையேடு சொல்லும் இடைவெளியில், உரிமையாளர் பார்க்க வேண்டும் என்று விதி இருக்கும். பார்த்த தேதியோடு படம் எடுத்துவையுங்கள். இல்லையென்றால் ஒழுகல் புகார் 'பராமரிப்பின்மை' என்று திரும்பிவரும். வெடிப்பு இருந்தால் அந்தக் கூரைக்கென்று சொன்ன சீலன்டையே பூசுங்கள். சிலிகானைப் பூசினால் பிறகு எதுவும் அதன் மேல் ஒட்டாது.

ஜெனரேட்டரை மாதம் 2 மணி நேரமாவது பாதிச் சுமையில் ஓட்ட வேண்டும். சும்மா கிடந்து கார்புரேட்டரில் பெட்ரோல் பிசினானால் வாரண்டி கைகொடுக்காது.

ஆயில் மாற்றினால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். டீலரிடம் மாற்றவில்லை என்பதற்காக மட்டும் வாரண்டியை மறுக்க முடியாது. 1975-இல் வந்த மாக்னசன்-மாஸ் வாரண்டிச் சட்டம் அதைத் தடுக்கிறது.

யாரும் அசையவில்லை என்றால்

முதலில் சர்வீஸ் மேனேஜர், பிறகு கோச் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவு. தொலைபேசியில் பேசியதை அன்றே மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள். தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பின் (NHTSA) தளத்தில் உங்கள் வின் எண்ணைப் போட்டு, ரீகால் (பாதுகாப்புக் குறையைச் சரிசெய்யக் கம்பெனி வண்டிகளைத் திரும்ப அழைப்பது) ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். ரீகால் வேலை இலவசம், வாரண்டி முடிந்திருந்தாலும் கவலையில்லை. கோச் கம்பெனியின் பெயரிலும் தனியாகத் தேடுங்கள்.

திரும்பத் திரும்பப் பழுதாகும் புது வண்டியை வாங்கியவரைக் காக்கும் 'லெமன் சட்டம்' மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கலிஃபோர்னியாவில் மோட்டார்ஹோமின் சேசிஸும் ஓட்டும் பகுதியும் அதில் வரும், குடியிருக்கும் பகுதி வராது. முதல் 18 மாதம் அல்லது 18,000 மைலுக்குள் பழுதுக்காக 30 நாளுக்கு மேல் கடையில் கிடந்தால் அங்கே உங்கள் பக்கம் பலமாகும். அந்த 30 நாளை எண்ணுவது ஒர்க் ஆர்டரில் இருக்கும் இரண்டு தேதிகளை வைத்துத்தான்.