ஹெட் ஃபேஸிங்குக்குப் பிறகு புஷ்ராடு நீளம்

தர்மபுரி ஓட்டத்தில் இருக்கும் பழைய அம்பாசடர், 1489 சிசி பெட்ரோல். ஹெட் ஃபேஸிங் போட்டு, அதாவது சிலிண்டர் ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவிச் சமமாக்கி, மாட்டியதும் வால்வை அமுக்கும் நெம்புகோலான ராக்கரில் டக் டக். அட்ஜஸ்டிங் ஸ்க்ரூ முழுக்க மேலே ஏறி, ராக்கரைக் கீழிருந்து தள்ளும் கம்பியான புஷ்ராடின் மேல்முனைக் கிண்ணத்தின் விளிம்பு உரசியதால் ராக்கரின் அடியில் பளபளவென்று ஒரு வளையம். ஹெட்டில் 1 மி.மீ. சீவினால் ராக்கர்கள் கோத்திருக்கும் ஷாஃப்டும் 1 மி.மீ. இறங்கும், புஷ்ராடு அந்த அளவுக்கு நீளமாகிவிட்ட கணக்கு.

பலர் வால்வு நுனியில் மார்க்கர் மை பூசி, உரசல் கோடு நடுவில் விழும்வரை புஷ்ராடை மாற்றுவார்கள். ஷாஃப்ட் இல்லாமல் தனித்தனி ஸ்டட்டில் உட்காரும் ராக்கருக்கு அது சரி. இதில் ஷாஃப்டின் உயரம்தான் கோட்டின் இடத்தை முடிவு செய்யும்; உயர்த்த வேண்டுமானால் ஷாஃப்டைத் தாங்கும் ஸ்டாண்டுக்கு அடியில் ஷிம் எனும் மெல்லிய தகடு. ஆயில் ஏறும் ஸ்டாண்டின் ஷிம்மில் துளை இல்லாவிட்டால் ராக்கர் காய்ந்துவிடும். புஷ்ராடு நீளம் பார்ப்பது அதற்குப் பிறகுதான்.

பழைய புஷ்ராடு ஒன்றை அறுத்து நடுவில் மரைக்கம்பி வைத்தால் நீட்டிக் குறைக்கலாம். ஹெட் புது கேஸ்கெட்டோடு முழு டார்க்கில் (இறுக்கத்தில்) இருக்கட்டும். வால்வு முழுக்க மூடிய நிலையில், ராக்கருக்குக் கீழே 2 மரை தெரியும்படி ஸ்க்ரூவை நிறுத்தி, இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜ் லேசாகப் பிடிக்கும்வரை நீட்டி, 300 மி.மீ. வெர்னியரில் அளக்க வேண்டும். வால்வுக்கு வால்வு வரும் சில்லறை வித்தியாசத்தை ஸ்க்ரூ பார்த்துக்கொள்ளும்.

அந்த நீளத்தில் எட்டு புஷ்ராடுகளையும் புதிதாக வாங்குவதே நல்லது. முனையைக் கடைந்தால் பதம் போகும். நடுவில் வெல்டு வைத்தால் தொப்பூர் கணவாயில் கியரைக் குறைத்து இறங்கும்போதே வளைந்துவிடும்.