‘மனமே’ யாருடைய பெயர்? சரச்சந்திரவைப் பற்றிப் பேசும்போது நாம் விடும் பிழைகள்

கொழும்பில் ஒரு பாடசாலைக் கலைவிழா. ஒலிவாங்கியைப் பிடித்த பிள்ளை கணீரென்று சொன்னாள்: “அடுத்ததாக, எதிரிவீர சரத்சந்திரவின் ‘மனமே’ நாடகத்திலிருந்து ஒரு காட்சி. மனித மனத்தை அழைத்துப் பேசும் நாடகம் இது.” கைதட்டல். ஒரே மூச்சில் இரண்டு பிழை, ஆனால் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. எழுதிக் கொடுத்த பெரியவர்களுக்கே அப்படித்தான் பழக்கம்.

சிங்கள நாடகாசிரியர் எதிரிவீர சரச்சந்திரவின் இந்த நாடகத்தில் ‘மனமே’ என்பது ஓர் இளவரசனின் பெயர். மனமே குமாரன். நம் காதுக்குத்தான் அது ‘மனமே, கலங்காதே’ என்கிற மாதிரி விளியாகக் கேட்கிறது. இந்த மயக்கத்தில் தொடங்கி, நாடகத்துக்குத் தத்துவ விளக்கம் எழுதிய மாணவர் கட்டுரைகளையும் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் ஆசிரியர் பெயர். ‘சரத்சந்திர’ என்று எழுதினால் வங்க நாவலாசிரியர்தான் முதலில் நினைவுக்கு வருவார். சொல் ஒன்றுதான், சந்தியில் ‘ச்ச’ ஆகிறது. இவர் வங்கத்துச் சாந்திநிகேதனில் படித்தவர் என்பதால் குழப்பம் இன்னும் கூடும். 1914இல் காலிப் பக்கத்துத் தொடந்துவையில் பிறந்தபோது இவர் யூஸ்டஸ் ரெஜினால்ட் டி சில்வா. எதிரிவீர சரச்சந்திர என்பது பின்னர் சூடிக்கொண்ட பெயர். அதையாவது சரியாக எழுதிவிடலாம்.

இதெல்லாம் சின்னப் பிழை. பெரியது, தமிழர் கூடும் இடத்தில் இந்தப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்லும் வசனம்: “அது எங்கட கூத்துத்தானே, அவர் எடுத்துப் போட்டார்.”

வெள்ளவத்தையில் எங்கள் மாடிக்குக் கீழே மட்டக்களப்பு ஐயா ஒருவர் இருக்கிறார். ஒருநாள் என் போனில் ‘மனமே’ ஓடிக்கொண்டிருந்தது. கதவருகே நின்றவர் தலையை ஆட்டி, “இது எங்கட மத்தளந்தானே, மனே” என்றார். அவர் காது பொய் சொல்லவில்லை. அந்த மேளத்துக்குச் சிங்களத்தில் ‘தெமள பெரே’ என்று ஒரு பெயர் உண்டு, அதாவது தமிழ் மேளம். சிங்களவர் ‘நாடகம’ என்று அழைக்கும் அரங்க வடிவத்தின் பெயரே தமிழ். பாட்டு வகையில் ‘இன்னிசய’ என்று ஒன்று வரும், மொழிபெயர்க்கத் தேவையில்லை. கரையோரக் கத்தோலிக்கரின் தமிழ்க் கூத்திலிருந்து அந்த வடிவம் வளர்ந்தது என்பதை மறைக்காமல் எழுதியவரும் சரச்சந்திரதான். சிங்கள நாட்டார் நாடகம் பற்றிய அவருடைய ஆய்வு நூல், ‘மனமே’ மேடையேறுமுன்பே வந்துவிட்டது.

ஆனால் ‘எடுத்துப் போட்டார்’ என்பதுதான் இடறுகிறது. 1956 நவம்பர் 3, கொழும்பு 7, லயனல் வென்ட் அரங்கில் ‘மனமே’ ஏறியபோது நாடகம சிங்களக் கிராமங்களில் நூறு வருடத்துக்கு மேல் வாழ்ந்து பழகியிருந்தது. அம்பலாங்கொடைப் பக்கத்துச் சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சே என்ற முதிய கலைஞர்தான் அந்தப் பாட்டும் தாளமும் தெரிந்து, பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர். சரச்சந்திர அதற்கு முன் ஜப்பானுக்குப் போய் நோ, கபுகி என்ற அந்நாட்டு மரபு நாடகங்கள் இரண்டையும் பார்த்து வந்திருந்தார். வெறும் மேடை, ஒரு சுற்று நடந்தால் காடு வந்துவிடும், பாட்டே வசனம். இந்தச் சிக்கனத்தைப் பல இரவுகள் நீளும் நாடகமவுக்குள் கொண்டுவந்து, ஒரு மாலைப்பொழுதுக்குள் அடக்கினார். இதில் எதை எங்கட கணக்கில் எழுதுவது, எதை அவர் கணக்கில் எழுதுவது? வட்டிக்கடைக் கொப்பி மாதிரிப் பார்க்கக்கூடாது.

இதற்கு நேர் எதிர்ப் பிழை சிங்கள மேடைகளில் கேட்கும்: கலப்பில்லாத தேசிய அரங்கு அன்றுதான் பிறந்தது என்பார்கள். சிங்களம் மட்டும் சட்டம் வந்ததும் அதே 1956இல்தான், ஐந்து மாதம் முன்பு. அந்த வருடத்தில் கொண்டாடப்பட்ட நாடகம் தமிழ் மேளத்தில் ஆடியது என்பதை நான் ரசித்துச் சொல்வேன், அவ்வளவுதான். அதை வைத்து யாரையும் மடக்கப் போக வேண்டாம்.

கதையைச் சொல்லும் இடத்தில்தான் ஆகக் கவனம் தேவை. பல குறிப்புகளில் ‘கணவனைக் காட்டிக்கொடுத்த பெண்ணின் கதை’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது புத்தரின் முற்பிறப்புக் கதைகளில் ஒன்றான சுள்ள தனுக்கஹ ஜாதகக் கதை. அங்கே ஐயமே இல்லை: கள்வன்மேல் ஆசைப்பட்டவள் வாளின் கைப்பிடியை அவன் பக்கம் திருப்பிக் கொடுக்கிறாள். சரச்சந்திர கைவைத்தது சரியாக அந்தக் கணத்தில்தான். நாடகத்தில் மனமே குமாரன் காட்டில் எதிர்ப்பட்ட வேடர் அரசனை மடக்கிப் பிடித்துவிட்டு, தன் மனைவியான இளவரசியிடம் வாளைக் கேட்கிறான். அவள் உடனே கொடுக்கவில்லை. ‘தன் ஆட்களை ஏவாமல் தனியாக வந்து பொருதியவன் இவன், கொல்லாதீர்கள்’ என்று மன்றாடுகிறாள். அந்தத் தயக்கத்தில் பிடி தளர்கிறது, வாள் வேடன் கைக்குப் போகிறது.

அது இரக்கமா, மயக்கமா, ஒரு நொடி கை நின்றுபோனதா? பிறகு அவள் வேடர் அரசனிடம் சொல்லும் சொற்கள் அவளுக்கே எதிராகத் திரும்புகின்றன; அவனும் விட்டுப் போகிறான். அவள் நெஞ்சில் இருந்தது என்ன என்பதை நாடகம் தீர்ப்பாகச் சொல்வதே இல்லை. நான் மூன்று முறை பார்த்துவிட்டேன், மூன்று முறையும் வேறு வேறு முடிவோடு காலி வீதிக்கு வந்து பஸ்ஸுக்கு நின்றிருக்கிறேன். இந்தக் கேள்வியை எடுத்துவிட்டு மிச்சத்தை மட்டும் சொன்னால் ஜாதகக் கதைக்கே திரும்பிப் போகிறோம்.

செல்வாக்கு என்ற சொல்லையும் கொஞ்சம் பார்த்துப் பாவிக்க வேண்டும். ‘மனமேயைப் பார்த்துத்தான் பேராசிரியர் வித்தியானந்தன் கூத்தைக் கையில் எடுத்தார்’ என்று எழுதுபவர்கள் ஏதோ பிரதி எடுத்த மாதிரி எழுதுகிறார்கள். இருவரும் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஒரே காலத்தில் இருந்தவர்கள், தூண்டுதல் இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் வித்தியானந்தனின் ‘கர்ணன் போர்’ 1962இல் மேடையேறியபோது அதில் இருந்தது மட்டக்களப்பு வடமோடிக் கூத்து, கற்றுக்கொடுத்தவர்கள் அண்ணாவிமார் என்ற கூத்து ஆசான்கள். பின்னால் வந்த ‘இராவணேசன்’ மௌனகுருவை இராவணனாகக் காட்டியது. மனமேயிலிருந்து வந்தது பாட்டோ கதையோ அல்ல. நாட்டார் வடிவத்தைப் படித்தவர்கள் வெட்கப்படாமல் மேடையேற்றலாம் என்ற துணிவும் வெட்டிச் சுருக்கும் முறையும்தான்.

அந்தச் சுருக்கல் லேசான வேலையுமல்ல. ஊரில் கூத்து வட்டக் களரியில் விடியவிடிய நடக்கும், சனம் சுற்றிவர இருக்கும், ஒவ்வொரு பாத்திரத்தின் வரவுக்கும் தாளம் நிதானமாக விரியும். கொழும்பு மாதிரி நகரத்தில் திரை ஒரு பக்கம்தான் திறக்கும். சுற்றி ஆடிய காலை ஒரு பக்கம் பார்த்து ஆடவைக்க வேண்டும். எந்த வரவை விடுவது, எதைக் குறைப்பது என்று தீர்மானிக்க வேண்டும். அதனால் கூத்து கெட்டுவிட்டது என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தச் சண்டை தேவையானது என்றே நினைக்கிறேன்.

செல்வாக்கைப் பின்பற்றியவர்களை மட்டும் வைத்து அளப்பதும் தவறு. சிங்கள அரங்கில் சுகதபால டி சில்வா போன்றவர்கள் இளவரசனையும் வேடனையும் விட்டு நகரத்து அறைகளுக்குள் நாடகத்தைக் கொண்டுபோனார்கள். எதிர்த்துத் திரும்புவதற்கும் முன்னால் ஒரு சுவர் வேண்டும், அது சரச்சந்திர.

சரச்சந்திரவே ஒரு பாணியில் அடங்கியவர் இல்லை. ‘மலகிய அத்தோ’ ஜப்பானில் நிகழும் நாவல். ‘சிங்கபாகு’ நாடகத்தை 1961இல் பேராதனைத் திறந்தவெளி அரங்கில் ஏற்றினார், இன்று அந்த அரங்கு அவர் பெயரில் இருக்கிறது. எல்லாமே லயனல் வென்டில் தொடங்கியதாக எழுதும் கொழும்புக்காரரின் பழக்கத்தையும் இத்தோடு விட்டுவிடலாம்.

கடைசியாக, ‘நாடகமும் அரங்கியலும்’ பாடம் படிக்கும் பிள்ளைகளுக்கு: பிரதியை மட்டும் வாசித்துவிட்டுப் பரீட்சைக்குப் போகாதீர்கள். சிங்களம் தெரியாவிட்டாலும் ஒருமுறை கேளுங்கள். போத்தே குரு, அதாவது நம்மூர்க் கூத்தில் ஏடு பார்ப்பவர் மாதிரியான ஆள், வந்து பாடத் தொடங்கும்போது மேளம் எங்கே நின்று எங்கே பிடிக்கிறது என்று கவனியுங்கள். கீழ்வீட்டு ஐயாவுக்கு அந்த இடம் இப்போது மனப்பாடம். ஆனால் எங்கட தாளம் என்று சொல்வதை நிறுத்திவிட்டார். “கிட்டத்தட்ட எங்கட தாளம், மனே. ஒரு இடத்தில வேற மாதிரிப் போகுது. அது எங்க எண்டு பிடிபடுதில்ல.”