மீன் முள், பேட்டரி, காந்தம்: விழுங்கிய பிறகு நாம் செய்யும் தவறுகள்

மேட்டூர் அணை மீன் என்றால் சேலத்துக்காரர்களுக்குத் தனிப் பிரியம். முள் தொண்டையில் சிக்கினால் வீட்டில் உடனே நீட்டுவது வாழைப்பழம், இல்லையென்றால் பெரிய சோற்று உருண்டை. தயவுசெய்து வேண்டாம். முள் இன்னும் ஆழமாகக் குத்தும். வயிறு நிறைந்திருந்தால் மயக்கம் கொடுத்து, வாய் வழியாகக் கேமரா குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி செய்வதும் சிரமம். விரலை விட்டு வாந்தி எடுப்பது, பேதிக்கு விளக்கெண்ணெய் குடிப்பது, இரண்டும் கூடாது.

விழுங்கிய பொருட்களில் 100க்கு 80 முதல் 90 வரை தானாகவே மலத்தில் வெளியேறிவிடும். மீதியில் பெரும்பாலானவற்றை எண்டோஸ்கோப்பியில் எடுத்துவிடலாம். அறுவை சிகிச்சை வரை போவது 100ல் ஒருவர்தான். ஆனால் அந்த ஒருவருக்குத் தாமதம்தான் எமன்.

முள் தொண்டையைத் தாண்டியதும் மறந்துவிடுகிறோம். அது சில நாள் கழித்துச் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் குத்தி ஓட்டை போடலாம். வலது அடிவயிறு வலிக்கும், காய்ச்சல் வரும், பார்த்தால் அப்பெண்டிக்ஸ் போலவே இருக்கும். எக்ஸ்ரேயில் மீன் முள் பெரும்பாலும் தெரியாது, சிடி ஸ்கேனில்தான் பிடிபடும். அதனால் “போன வாரம் மீன் சாப்பிட்டேன்” என்று டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். பல்செட் போட்ட பெரியவர்களுக்கு முள்ளை விழுங்கியதே தெரியாமல் போகலாம். அவர்களிடம் வீட்டார் கேட்க வேண்டும். சீக்கிரம் வந்தால் பலருக்கு லேப்ராஸ்கோப்பியில் சிறு துளைகள் வழியாக முள்ளை எடுத்து ஓட்டையைத் தைத்துவிடலாம். வயிறு முழுக்கச் சீழ் பரவிவிட்டால் வயிற்றைத் திறந்து கழுவ வேண்டும். சிலருக்குக் குடலில் ஒரு பகுதியையே வெட்டியெடுத்து, கொஞ்ச காலத்துக்கு வயிற்றின் மேல் பை வைத்து மலம் போகச் செய்ய வேண்டிவரும்.

குழந்தை கொலுசு மணியை விழுங்கினால் துடித்துப்போகிறோம். உருண்டையான சிறு மணி பெரும்பாலும் வெளியே வந்துவிடும், டாக்டரிடம் காட்டிவிட்டுக் கவனித்தால் போதும். நடுங்க வேண்டியது கடிகாரம், பொம்மைகளில் இருக்கும் காசு போன்ற பட்டன் பேட்டரிக்குத்தான். உணவுக்குழாயில் நின்றால் 2 மணி நேரத்திலேயே சுவரை அரித்துவிடும். காந்தங்கள் இரண்டு போனால் குடல் மடிப்புகளுக்கு நடுவே ஒன்றையொன்று இழுத்து, இடையில் மாட்டிய சுவரை ஓட்டையாக்கும். குழந்தை விளையாடிக்கொண்டுதானே இருக்கிறது என்று காத்திருக்காதீர்கள்.

ஏற்காட்டில் இருப்பவர்கள் இதில் இன்னும் முந்திக்கொள்ள வேண்டும். 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலம் வருவதற்கே நேரம் பிடிக்கும். விடியட்டும் என்று இருக்காமல் 108ஐ அழையுங்கள். வழியில் எதுவும் ஊட்ட வேண்டாம். அதே மாதிரி பேட்டரி இன்னொன்றோ அதன் கவரோ இருந்தால் கையோடு எடுத்து வாருங்கள், அளவு தெரிந்தால் டாக்டருக்கு உதவும்.