பாறை ஓவியத்தை வகுப்பறைக்குக் கொண்டுவருவது எப்படி?

கிருஷ்ணகிரி மாவட்டம் மல்லப்பாடியில் உள்ள பாறை ஓவியங்கள் வெண்ணிறத்தில் தீட்டப்பட்டவை. குதிரைமேல் அமர்ந்து போரிடும் வீரர்களை அங்கே காணலாம். இவற்றைப் பிள்ளைகளுக்குச் செய்முறையாகவே கற்பிக்கலாம்.

முதல் நாளே பழுப்புத் தாளைக் கசக்கி விரித்து, சலித்த செம்மண்ணைப் பசைநீரில் குழைத்து மெல்லிதாகப் பூசி, நிழலில் காயவிடுங்கள். மறுநாள், சாக்பீஸ் தூளில் சிறிது பசையும் தண்ணீரும் விட்டுத் தோசைமாவுப் பதத்தில் கரைத்து, வேப்பங்குச்சியால் வரையச் சொல்லுங்கள். குச்சியின் நுனியை ஆசிரியரே கல்லால் தட்டி நார்நாராக்கித் தருவது நல்லது. தூரிகையைவிட அதில் விழும் கரடுமுரடான கோடுதான் பாறை ஓவியத்துக்கு நெருக்கமானது.

கரும்பலகையில் மாதிரிப் படம் வரைந்து காட்டாதீர்கள், பிள்ளைகள் அதையே நகலெடுத்துவிடுவார்கள். மாறாக, ஆடு மேய்த்தல், மாங்காய் பறித்தல், எருது விடும் விழா எனத் தங்கள் ஊரில் பார்த்தவற்றை, கண் மூக்கு எழுதாமல் உடலசைவால் மட்டுமே காட்டும்படி கேளுங்கள்.