ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் ஒரு டம்ளர் தண்ணீரும்

சேலம் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா சமயத்தில் முதலுதவி மேசைக்குப் புதிதாக வரும் தன்னார்வலர்கள், வருஷம் தவறாமல் அதே தப்புகளைச் செய்கிறார்கள். கை கழுவுவது, காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் எடுப்பது எல்லாம் அவர்களுக்கே தெரியும், அதை விட்டுவிடலாம்.

டம்ளரில் முழுப் பொட்டலம்

ஓ.ஆர்.எஸ். என்பது பேதியில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டும் உப்பு-சர்க்கரைப் பொடி. அதன் 21 கிராம் பொட்டலம் 1 லிட்டருக்கானது. பேதியில் துவண்ட குழந்தையைப் பார்த்ததும், "கெட்டியா இருந்தா சீக்கிரம் தெம்பு வரும்" என்று அதை ஒரே டம்ளரில் கொட்டிக் கலக்கிவிடுகிறார்கள். அளவு உறையின் மேலேயே அச்சாகியிருக்கிறது, படிக்கத்தான் ஆளில்லை.

சரியாகக் கலந்தால் லிட்டருக்குச் சோடியம் (உப்பிலிருப்பது) 75 மில்லிமோல், அதாவது கரைந்த பொருளை அளக்கும் அலகில் 75; குளுக்கோஸும் (சர்க்கரை) 75. சிறுகுடல் இரண்டையும் சேர்த்தே உள்ளே இழுக்கும், தண்ணீர் பின்னாலேயே போகும். 200 மில்லி டம்ளரில் கலந்தால் சோடியம் 375 ஆகிவிடும். இரத்தத்தில் இருக்க வேண்டியதோ 135 முதல் 145 வரைதான். கரைசல் இரத்தத்தைவிடக் கெட்டி என்பதால், உடம்பிலிருக்கிற தண்ணீரும் குடலுக்குள் இறங்கிப் பேதி கூடும். இரத்தத்தில் உப்பு ஏறினால் மூளைச் செல்கள் சுருங்கும், வலிப்பு வரலாம். அதற்கு முன் தாகம் ஏறும். குழந்தை இன்னும் கேட்கும். "நல்லாக் குடிக்குதே" என்று அதே கரைசலையே மறுபடி ஊற்றுவார்கள்!

200 மில்லிக்கான 4 கிராம் சொச்சம் சிறு பொட்டலமும் கடையில் உண்டு. அதை 1 லிட்டரில் போட்டால் நீர்த்துப்போய், இழந்த உப்பு திரும்பாது. ஆகவே உறையைப் படித்த பிறகே கிழியுங்கள்.

பொட்டலம் இல்லையா? 1 லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கண்ணீரைவிடக் கரித்தால் கொட்டிவிடுங்கள். 2 வயதுக்குள் என்றால் ஒவ்வொரு தடவை வயிற்றால் போன பிறகும் 50 முதல் 100 மில்லி, ஸ்பூன் ஸ்பூனாக. வாந்தி எடுத்தால் 10 நிமிஷம் பொறுத்து, இன்னும் மெதுவாக. கலந்து 24 மணி நேரம் ஆனது வேண்டாம்.

நாளெல்லாம் வேர்த்தவருக்கு வெறும் தண்ணீர்

குடம் குடமாகக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கும். தலைவலி, குமட்டல், குழப்பம். உப்புப் போட்ட மோர், நீராகாரம் கொடுங்கள்.

சித்திரை வெயிலில் சுருண்டவருக்குப் பாராசிட்டமால்

பயனில்லை. காய்ச்சலில் மூளை தன் வெப்ப அளவையே உயர்த்தி வைக்கும், மாத்திரை அதைத்தான் இறக்கும். இங்கே அந்த அளவு ஏறவே இல்லை. உடம்பை நனைத்து விசிறுங்கள், 108-ஐ அழையுங்கள்.

ஏற்காட்டுக் குளிருக்கு ஒரு பெக்

தோல்தான் சூடாகும். உள்சூடு வெளியே போய்விடும்.