யூட் வாங்கி கேரவன் இழுக்க நினைக்கும் புதியவர்களுக்கு: முதலில் எடையைப் பாருங்கள்

மெல்பர்னுக்கு வந்து வேலை, வாடகை வீடு, பிள்ளைகளின் பள்ளி எல்லாம் ஒரு வழிக்கு வந்த பிறகு நம் ஆட்கள் பலருக்கும் வரும் அடுத்த ஆசை ஒரு யூட். பிக்கப் டிரக்கைத்தான் இங்கே யூட் என்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஈஸ்டர் விடுமுறைக்கு கேரவனை, அதாவது வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போகும் சக்கர வீட்டை, மாட்டிக்கொண்டு கிளம்புவதைப் பார்த்ததும் நமக்கும் கை பரபரக்கும். தப்பே இல்லை, இந்த நாட்டைப் பார்க்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. 1934இல் ஜீலாங்கில் ஃபோர்டு கம்பெனியின் லூ பாண்ட் என்ற இளைஞர் இந்த வகை வண்டியை வடிவமைத்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகவும் திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்கு ஏற்றிப் போகவும் ஒரே வண்டி வேண்டும் என்று கிப்ஸ்லாந்து விவசாயி ஒருவரின் மனைவி கடிதம் எழுதிக் கேட்டாராம், இங்கே எல்லோரும் சொல்லும் கதை அது. நாமும் அதே மாதிரிதான், வாரம் முழுக்க ஆபீஸுக்கும் நீண்ட விடுமுறையில் காட்டுக்கும் ஒரே வண்டியைக் கேட்கிறோம்.

ரேஞ்சர், ஹைலக்ஸ், டிமேக்ஸ் எதுவானாலும் விளம்பரத்தில் 3,500 கிலோ இழுக்கும் என்று போட்டிருக்கும். அந்த எண்ணை வைத்து கேரவன் தேடக் கிளம்பாதீர்கள். நீங்கள் பார்க்க வேண்டியவை வேறு இரண்டு எண்கள். யூட்டின் சொந்த எடை, ஆள், டீசல், சாமான், கேரவன் கொக்கியில் அழுத்தும் பாரம் எல்லாம் சேர்த்து யூட் இவ்வளவு இருக்கலாம் என்று தயாரிப்பாளர் அனுமதித்த மொத்த எடை ஜிவிஎம். யூட்டும் கேரவனும் சேர்ந்த எடைக்கான வரம்பு ஜிசிஎம். கேரவன் பக்கம் அதன் உச்ச எடையை ஏடிஎம் என்பார்கள், கதவுக்கருகில் அல்லது இழுவைக் கம்பியில் இருக்கும் தகட்டில் அடித்திருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காலி யூட் 2,230 கிலோ, ஜிவிஎம் 3,200, ஜிசிஎம் 6,000 என்று வையுங்கள். 3,500 கிலோ கேரவனை மாட்டினால் ஜிசிஎம்மில் யூட்டுக்கு மிச்சம் 2,500தான். அதில் காலி எடை போக 270. நாலு பேர் குடும்பம் உட்கார்ந்தாலே 260 போய்விடும், அப்புறம் ஒரு ஐஸ்பெட்டி வைக்கக்கூட இடம் இல்லை.

சரி, சின்ன கேரவனாக 2,600 கிலோவில் எடுக்கிறோம், ஆனால் வண்டியை ஆசை தீர அலங்கரிக்கிறோம். முன்னால் மோதலைத் தாங்கும் இரும்புச் சட்டமான புல்பார் 70, சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச் 35, பின்தொட்டியை மூடும் அலுமினிய கேனப்பி 100, உள்ளே இழுப்பறை 70, ஃபிரிட்ஜ் 40, கூரை ராக்கும் டென்ட்டும் 90, இரண்டாவது பேட்டரியும் வயரிங்கும் 30, கேரவன் கொக்கியைத் தாங்கும் டோபார் 30. கூட்டினால் 465. குடும்பத்தோடு சேர்த்து யூட் 2,955 ஆகிவிட்டது. கேரவன் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு கொக்கியில் இறங்க வேண்டும், அதாவது 260. மொத்தம் 3,215. துணிமணி, தண்ணீர் எதையும் ஏற்றுவதற்கு முன்பே வரம்பைத் தாண்டிவிட்டோம்.

நான் இதைத் தாளில் கற்கவில்லை. வந்த மூன்றாம் வருடம் ஒரு கடையில் புல்பார், டிராயர், பின்புற ஸ்பிரிங்குக்குத் துணையாக ஏர்பேக் என்ற காற்றுப் பை எல்லாம் மொத்தமாகப் பொருத்திக்கொண்டேன். என்ன கேரவன், எவ்வளவு எடை என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. முதல் பயணத்தில் பாலரட்டுக்கு முன்னால் வரும் பென்ட்லண்ட் ஹில்ஸ் இறக்கத்தில் ஒரு பெரிய லாரி தாண்டிப் போனது. அந்தக் காற்றில் கேரவன் வாலை ஆட்டத் தொடங்கியது, ஸ்டீயரிங் கையில் பஞ்சு மாதிரி இருந்தது, முன் சக்கரம் ரோட்டில் இருக்கிறதா என்றே தெரியவில்லை. பின் சீட்டில் இரண்டு பிள்ளைகள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, கேரவன் பிரேக்கை மட்டும் கையால் அழுத்தியதில் வண்டி நேரானது. பதறிப்போய் கார் பிரேக்கை மிதித்திருந்தால் கேரவன் பின்னாலிருந்து தள்ளி ஆட்டத்தை இன்னும் மோசமாக்கியிருக்கும்.

காரணம் சாதாரண நெம்புகோல்தான். கொக்கி பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால், அச்சுகளுக்கிடையே 3.1 மீட்டர் என்றால், கொக்கியில் 300 கிலோ வைக்கும்போது பின் அச்சில் சுமார் 416 கிலோ ஏறுகிறது, முன் அச்சிலிருந்து 116 கிலோ கழன்றுபோகிறது. ஏர்பேக் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்துவதால் பார்வைக்கு வண்டி மட்டமாகத் தெரியும், ஆனால் அந்த 116 கிலோ முன்னால் திரும்பி வராது. யூட்டின் பின்னால் இருக்கும் லீஃப் ஸ்பிரிங் (பட்டை வில்) பாரத்தை சேஸியின் இரண்டு இடங்களில் பிரித்து இறக்கும், ஏர்பேக் நடுவில் ஒரே இடத்தில் முட்டும். பாரம் ஏற்றிய டபுள் கேப் (இரண்டு வரிசை இருக்கை) யூட்கள் தகரக் கூரை மாதிரி அலையடித்த மண் ரோட்டில் ஓடி, கேபினுக்குப் பின்னால் சேஸி வளைந்து நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். முன் அச்சுக்குப் பாரத்தைத் திருப்பித் தர வெயிட் டிஸ்ட்ரிப்யூஷன் ஹிட்ச் என்ற கருவி இருக்கிறது. உங்கள் யூட்டின் கையேடு அனுமதிக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

அதனால் நான் சொல்லும் வரிசை இதுதான். முதலில் கேரவன் பிரேக்கை ஓட்டுநர் இடத்திலிருந்து இயக்கும் எலக்ட்ரிக் பிரேக் கன்ட்ரோலர். 2,000 கிலோவுக்கு மேற்பட்ட கேரவனில் எல்லாச் சக்கரத்திலும் பிரேக் இருக்க வேண்டும், ஓட்டுநர் இருக்கையிலிருந்தே அதை இயக்க முடிய வேண்டும், கழன்றுபோனால் தானே நிற்கும் அமைப்பும் வேண்டும், சட்டமே அப்படித்தான். அடுத்து டயர், பாரத்துக்கான எல்டி (லைட் டிரக்) வகையில், தாரிலும் மண்ணிலும் ஓடும் ஆல் டெரெய்ன். கூடவே ஒரு கம்ப்ரசரும் காற்றுமானியும். மணலில் 18 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கினால் வண்டி புதையாமல் மிதக்கும், தார் ரோட்டுக்கு வந்ததும் மறுபடி ஏற்றிவிட வேண்டும். பல ஆயிரம் டாலர் சஸ்பென்ஷனைவிட இந்தப் பழக்கம் எனக்கு அதிகம் உதவியிருக்கிறது.

அதற்கப்புறம் ஒரு பொது எடைமேடைக்குப் போங்கள். குடும்பம், முழு டேங்க், கேரவன் எல்லாவற்றோடும். முன் அச்சு, பின் அச்சு, கேரவன் சக்கரம் என்று தனித்தனியாக எடுக்கச் சொல்லுங்கள். அந்தச் சீட்டு கையில் இருந்தால்தான் ஸ்பிரிங் மாற்றுவதா, சாமான் குறைப்பதா என்று பேசவே முடியும். ஜிவிஎம் அப்கிரேட் செய்துகொள்ளலாம், ஆனால் ஏற்கனவே பதிவான வண்டி என்றால் விக்டோரியாவில் வாஸ் (வண்டி மாற்றங்களைச் சோதித்துச் சான்றளிக்கும் திட்டம்) பொறியாளரின் சான்றிதழ் வேண்டும், மற்ற மாநிலங்களில் வேறு நடைமுறை. இன்னொன்று, ஜிவிஎம் கூடினால் ஜிசிஎம் தானாகக் கூடாது. யூட்டில் ஏற்றும் கூடுதல் பாரம் இழுக்கும் அளவிலிருந்துதான் கழியும். செய்த மாற்றம் ஒவ்வொன்றையும் இன்சூரன்ஸுக்குச் சொல்லிவிடுங்கள், சொல்லாமல் விட்டால் விபத்து நேரத்தில் கையை விரித்துவிடலாம்.

புல்பார் தேவையா? அந்தி நேரத்தில் கங்காரு குறுக்கே வரும் ரோட்டில் அடிக்கடி ஓட்டுவீர்கள் என்றால் தேவை. வருடத்துக்கு இரண்டு முறை பீச் கேரவன் பார்க் போகிறவருக்கு அந்த 70 கிலோ வீண். புது யூட்களில் மின்னழுத்தத்தை அவ்வப்போது குறைத்துவிடும் ஸ்மார்ட் ஆல்டர்நேட்டர் இருப்பதால், இரண்டாவது பேட்டரியை முழுதாக நிரப்ப டிசி டிசி சார்ஜர் கட்டாயம் மாதிரிதான். பேட்டரியில் லித்தியம் வாங்குங்கள், 100 ஆம்ப் ஹவருக்கு சுமார் 12 கிலோ. ஏஜிஎம் என்ற ஈய வகை 30 கிலோவை நெருங்கும். வண்டிக்கு வண்டி பேசும் யுஎச்எஃப் ரேடியோவும் அவசியம், லாரிக்காரர்கள் சேனல் 40இலும் கேரவன்காரர்கள் 18இலும் பேசுவார்கள், 5உம் 35உம் ஆபத்துக்கு மட்டும்.

பழைய யூட் வாங்குகிறவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் பிபிஎஸ்ஆர் என்ற அரசுப் பதிவேட்டுத் தளத்தில் வண்டிமேல் கடன் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள், சில டாலர் வேலை. அப்படியே வண்டிக்கு அடியில் படுத்து கேபினுக்கும் டப்புக்கும் (பின்தொட்டிக்கும்) இடையிலான இடைவெளியையும் சேஸியையும் பாருங்கள். மேலே இடைவெளி அகலமாகவும் கீழே குறுகியும் இருந்தால் சேஸி வளைந்திருக்கலாம், விட்டுவிடுங்கள். சிவப்பு பி பலகையில் (புது ஓட்டுநருக்கான முதல் கட்ட லைசென்ஸில்) இருப்பவர்கள் விக்டோரியாவில், சில விதிவிலக்குகள் தவிர, எதையும் இழுக்க முடியாது. லைசென்ஸ் மாற்றும்போதே அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஞாயிறு காலையில் காலியான கார் பார்க்கில் இரண்டு மணி நேரம் ரிவர்ஸ் பழகுங்கள். ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டால், கேரவன் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்தினால் போதும். முதல் பயணம் ஒன்றரை மணி நேரத் தூரத்துக்குள் இருக்கட்டும். பிறகு மில்டூரா வழியாக அடிலெய்டு பக்கம் போகிறீர்கள் என்றால், தெற்கு ஆஸ்திரேலிய எல்லையைத் தாண்டியதும் வரும் யாம்பாவில் பழ ஈ சோதனைக்கு நிறுத்தி தக்காளி, மிளகாய், மாம்பழம் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் முந்தின நாள் இரவே தக்காளி மொத்தத்தையும் தொக்காக்கி பாட்டிலில் அடைத்துவிடுவோம்.