கொசு ரீங்காரம் டீசல் உறுமலாக மாறிய கதை

சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் ரயில் நிலையத்திலிருந்து 2011 ஜூன் 30 அன்று கடைசி ரயில் கிளம்பியபோது மகனுடன் நானும் அங்கே நின்றிருந்தேன். அந்த உறுமலை வீட்டிலும் கேட்க ஆசைப்பட்டுத்தான் என் 1:87 அளவு மாடல் ரயிலின் டீசல் எஞ்சினுக்குள் சவுண்ட் டிகோடர் (மோட்டாரை இயக்கி, எஞ்சின் ஒலியும் எழுப்பும் சின்ன மின்சுற்றுப் பலகை) பொருத்தினேன்.

ஒயரிங் சுலபம். சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்துக்கு, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு. மோட்டார் முனைகள் உலோகச் சட்டத்தைத் தொடவில்லையா என்று மட்டும் மல்டிமீட்டரில் பார்த்துவிடுங்கள். தொட்டால் டிகோடர் கருகிவிடும்.

ஆனால் வந்த சத்தம் கொசு ரீங்காரம்! டிகோடரைச் சந்தேகித்து இரண்டு மாலைகள் அமைப்புகளை மாற்றிக்கொண்டே இருந்தேன். கோளாறு ஸ்பீக்கரில்தான். அதன் பின்பக்கத்தை மூடாமல் ஒட்டியிருந்தேன். ஸ்பீக்கரின் முன்பக்கம் காற்றைத் தள்ளும்போது பின்பக்கம் இழுக்கும்; இரண்டு அலைகளும் கலந்தால் கனமான ஒலி அழிந்துபோகும்.

சரி என்று சிம் லிம் டவரில் 11க்கு 15 மி.மீ. அளவில், 8 ஓம் ஸ்பீக்கர் ஒன்று வாங்கினேன். பிளாஸ்டிக் தகட்டை வெட்டிப் பின்பக்கத்துக்குச் சின்னப் பெட்டி செய்து, மூலைகளில் வெள்ளைப் பசை தடவி இரவு முழுக்கக் காயவிட்டேன். ஊசித்துளி இடைவெளிகூட இருக்கக் கூடாது, இதில் அவசரமே வேண்டாம்.

அப்புறம் எஞ்சின் கூடு அதிர்ந்து சலசலத்தது. பெட்டிக்கடியில் ஸ்பாஞ்ச் டேப் ஒட்டியதும் நின்றது. இப்போது ஒலியளவைப் பாதிக்குக் குறைத்தும் அடுத்த அறையில் கேட்கிறது. மகன்தான் முதலில் ஓடி வந்தான்.